பாவாயிக்கு எது ஆகாது?

போன மாதம் கொல்லிமலையிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கிற பெண். திருச்சிப் பக்கத்துக்காரி, மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"மேடம், ஒருத்தர் வயித்துக் கோளாறுன்னு வெளியூர்ல ரத்தம் குடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்திருக்காரு. பக்கம் பக்கமா சாப்பாட்டுப் பேரு. பாதிக்குச் சிவப்பு, பாதிக்குப் பச்சை. சிவப்புல அரிசி இருக்கு, தக்காளி இருக்கு, மிளகு இருக்கு. மிளகு விக்கிற மனுஷன் மேடம் அவரு. அவருகிட்ட மிளகு சாப்பிடாதேன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பரிசோதனையைப் பற்றி எங்கள் டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் ஒரு சாப்பாட்டின் அடையாளம் தெரிந்தால் அந்த ஆள் அதைச் சாப்பிட்டு வருகிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அது அவருக்கு ஆகாது என்று அர்த்தமில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"அப்போ எதுதான் மேடம் சரியான வழி? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

முள்ளுக்குறிச்சியில் இருக்கும் என் வீட்டில், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் போனைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதற்கு ஒரு விடை தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாவாயியின் கதை. அதுவும் முழுசாகப் புரிந்த கதை என்று சொல்ல முடியாது. அந்த நர்ஸிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் நர்ஸிங் படித்தேன். கட்டுப் போடவும், ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். வயிறு என்பது படத்தில் பார்க்கும்போது எளிமையான உறுப்பாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வருகிறது. கொல்லிமலைக்கு வேலை கிடைத்து வந்தபோது, ஒரு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இடையில் இரண்டு முறை கீழே போனாலும், மறுபடி மலைக்கே வந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

சமவெளியிலிருந்து மலைக்கு வேலைக்கு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு முதல் மாதத்திலேயே வயிறு கெடும். வாத்தியார், கிராம நிர்வாக அலுவலர், வனக்காவலர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மலைத் தண்ணி ஒத்துக்கலை. மலைக்காரர்கள் கீழே போய்ச் சாப்பிட்டு வந்து வயிற்றைப் பிடித்தால், கீழ்நாட்டு எண்ணெய் ஒத்துக்கலை என்பார்கள். ஆளுக்கொரு குற்றவாளி தயாராக இருந்தான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது ரோடு வேலைக்கு வந்த ஒரு அடிவாரத்து ஆள். முந்தின நாள் பரோட்டா தின்றதால்தான் வலி என்றான். கூட வந்தவர்களும் பரோட்டா என்றார்கள். எனக்கும் பரோட்டாதான் என்று பட்டது. ஜெலுசில் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். அப்போதுதான் புதிதாக வந்திருந்த டாக்டர் சுமதி அவனைப் படுக்க வைத்து, வலது அடிவயிற்றில் விரலை மெல்ல அழுத்திச் சட்டென்று எடுத்தார். அவன் துள்ளினான். ஆம்புலன்ஸில் நாமக்கல் அனுப்பினோம். குடல்வால் அழற்சி. ஆபரேஷன் முடிந்து பிழைத்தான்.

"பரோட்டாவும் சாப்பிட்டான், குடல்வாலும் வீங்கியிருந்தது. ரெண்டும் உண்மை. ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு யாரு சொன்னது?" என்றார் டாக்டர். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

டாக்டர் சுமதியைப் பற்றிச் சொல்லாமல் பாவாயியைப் பற்றிச் சொல்ல முடியாது. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். உயரமாக, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நடப்பார். நோயாளி பேசும்போது பேனாவைத் தொடவே மாட்டார். எதிரே இருந்த நாற்காலியை மேஜைக்குப் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டிருந்தார். வந்தவரும் அவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வந்தவர் சொன்னதை அவர் வாயால் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லி, "இதானே சொன்னீங்க?" என்பார். எல்லாவற்றுக்கும் "சரி" என்பார். அது ஒத்துக்கொண்ட சரியா, கேட்டுக்கொண்ட சரியா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றும் இருந்தது. தெரியாததை நோயாளி முகத்துக்கு நேரே "எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிடுவார். மூன்று பஸ் மாறி வந்த மனுஷரிடம் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லலாமா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தெரிஞ்ச மாதிரி நடிச்சா அவங்க தேடறதை நிறுத்திடுவாங்க சிஸ்டர்" என்றார். அப்போது அது எனக்குச் சமாதானமாகப் படவில்லை.

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; பாவாயி திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ராசிபுரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வருவான். ஒரே மகள், கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். அந்தப் படிப்பு பாவாயியின் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் கை ருசி நாடு முழுக்கப் பேர் போனது. அவள் செய்கிற புளிச்சாதத்துக்காகவே லீவு போடாத பிள்ளைகள் உண்டு என்பார்கள்.

அவள் முதல்முறை வந்தபோது ரவிக்கையைத் தோளில் ஊக்குக் குத்திச் சுருக்கியிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், இந்த வயிறு என்னையக் கொன்னுரும்போல இருக்குதுங்க" என்று உட்கார்ந்தாள்.

சில நாள் விடியற்காலையில் வயிற்றை முறுக்கும். நாலைந்து முறை தண்ணியாகப் போகும். மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். பிறகு ஒரு வாரம், சிலசமயம் இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது. திடீரென்று மறுபடி வரும். எட்டு மாசமாக இப்படி.

"எது சாப்பிட்டா வருதுங்கறீங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாந்தானுங்க. முதல்ல பலாப்பழம்னு நெனச்சேன், உட்டுட்டேன். அப்புறம் அன்னாசி. அப்புறம் முட்டை. பருப்பு. பால் ஊத்துன டீ. மரவள்ளிக்கிழங்கு. இப்ப சோறும் ரசமும் மட்டுந்தானுங்க. அதுக்கும் சிலநாள் போவுது."

அவளுக்கு வயிற்றைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. சமைக்கிறவளுக்கே வயிற்றுப்போக்கு என்றால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா என்று தாய்மார்கள் சிலர் கேட்டார்கள். இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் டிபன் பாக்ஸில் சோறு கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைமை ஆசிரியை நல்லவர், அவரும் ஒருநாள், "உடம்பு சரியாகுற வரைக்கும் வேற யாராச்சும் செய்யட்டுமா பாவாயி?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"நான் வடிச்ச சோத்தை ஒரு புள்ளை திங்க மாட்டேன்னு டப்பாவைத் தொறக்குதுங்க. அதைப் பாத்துக்கிட்டு எப்படீங்க நிக்கறது?"

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் உண்டா? காய்ச்சல்? வீட்டில் வேறு யாருக்காவது? வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா? எல்லாவற்றுக்கும் இல்லீங்க, இல்லீங்க என்றாள். எடை குறைந்தது மட்டும் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை செய்தோம். நாமக்கல்லுக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். ரத்தசோகையைத் தவிர ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு, இது தொற்றுநோய் அல்ல என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தலைமை ஆசிரியை ஏற்றுக்கொண்டார். டிபன் பாக்ஸ்கள் குறையவில்லை.

அதன் பிறகு டாக்டர் சொன்னதைக் கேட்டு நானே திகைத்தேன். எதையெல்லாம் விட்டாளோ அதையெல்லாம் மறுபடி சாப்பிடச் சொன்னார்.

"அதை விட்டாத்தானுங்களே நல்லாகும்?" என்றாள் பாவாயி.

"விட்டு நல்லாச்சா?"

பாவாயி தோளில் இருந்த ஊக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் விட்டுட்டுத் தேடினா எதைத் தேடறோம்னே தெரியாம போயிடும். முதல்ல சாப்பிட்டு உடம்பைத் தேத்துவோம். அப்புறம் ஒண்ணே ஒண்ணை மட்டும் ரெண்டு வாரம் நிறுத்துவோம். அப்ப நல்லா இருந்தா அதையே திரும்பக் குடுப்போம். திரும்பக் குடுக்கும்போதும் வயிறு கெட்டாத்தான் அது மேல சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தக் கூடாது. எவ்வளவு சாப்பிட்டோம்கிறதும் முக்கியம். அரை டம்ளர் பால் வேற, ரெண்டு டம்ளர் வேற."

முதலில் பாலை எடுத்துக்கொண்டோம். நம் ஆட்களில் பலருக்குப் பெரியவர்களானதும் பால் செரிப்பது குறைந்துவிடும், அதனால் அதில் தொடங்குவது நியாயம் என்றார் டாக்டர். பால் நிறுத்திய இரண்டு வாரமும் பாவாயிக்கு வயிறு நன்றாக இருந்தது. தினமும் மத்தியானம் சத்துணவுக்கூடத்துக்கு வெளியே, டவர் கிடைக்கிற பாறையில் நின்று எனக்குப் போன் செய்வாள். "இன்னைக்கும் ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்!" குரலே மாறியிருந்தது. நான் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டேன். பால்தான்.

பிறகு பாலைத் திரும்பக் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஒன்றுமே ஆகவில்லை. அந்த வாரம் விடாத மழை. ரோட்டில் மரம் விழுந்து பஸ்கூட வரவில்லை. பாவாயி பால் குடித்துக்கொண்டு சுகமாக இருந்தாள். மழை விட்டு ஒரு வாரம் கழித்து, பால் தொடாத ஒருநாள், கோயில் பொங்கலில் கொஞ்சம் நெய்யும் முந்திரியும் சேர்ந்த சோறு சாப்பிட்டிருக்கிறாள். மறுநாள் விடிகாலை முறுக்கித் தள்ளிவிட்டது.

"நெய்யா?" என்றேன் டாக்டரிடம்.

"தெரியலை."

"முந்திரியா இருக்குமோ?"

"தெரியலை சிஸ்டர்."

நெய்யை நிறுத்திப் பார்த்தோம். முட்டையை நிறுத்திப் பார்த்தோம். துவரம்பருப்பை நிறுத்தியபோது நன்றாக இருந்தாள். திரும்பக் கொடுத்த மறுநாளே போனது. அதே அளவு இன்னொரு நாள் கொடுத்தபோது போகவில்லை. மரவள்ளிக்கிழங்கும் அப்படியே செய்தது. ஒவ்வொரு சாப்பாடும் ஒருநாள் குற்றவாளியாகவும் மறுநாள் நிரபராதியாகவும் வந்து நின்றது. எனக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கும்போதே, இது எனக்கு ஆகுமா என்று தோன்ற ஆரம்பித்தது. வயிறு நன்றாக இருந்த எனக்கே அப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அவங்களுக்குத் தெரியாம குடுத்துப் பாக்கணும். அதாவது, குடுக்கப் போறோம்னு தெரியும். என்னைக்கு எதுன்னு மட்டும் தெரியக் கூடாது."

பாவாயியிடம் சொல்லி அவள் சம்மதம் வாங்கினோம். நாங்கள் முதலில் நிறுத்திப் பார்த்தது பசும்பாலைத்தான், அதனால் மறுபடி பால். கேழ்வரகுக் கஞ்சியில் ஒருநாள் பசும்பால், இன்னொரு நாள் தேங்காய்ப்பால். இரண்டிலும் கருப்பட்டியும் தட்டிய ஏலக்காயும் போட்டுவிட்டால் நிறமும் ருசியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். குடியிருப்பில் என் அடுப்பில்தான் காய்ச்சினேன். என்றைக்கு எது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

"எனக்கும் சொல்லாதீங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுக்கவும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"ஏங்க டாக்டர்?"

"உங்க மூஞ்சி சொல்லிடும் சிஸ்டர்."

அதனால் ஆஸ்பத்திரி ஆயா மூடி போட்ட சொம்பில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நாட்கள் அவை. பாவாயி காலை பஸ்ஸில் வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து ஊருக்குப் போவாள். மறுநாள் போனில் சொல்வாள். நடுவில் சில நாள் இடைவெளி விட்டு அடுத்த கஞ்சி.

பசும்பால் போட்ட முதல் கஞ்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. தேங்காய்ப்பால் கஞ்சிக்கு மறுநாள் ஏழு எட்டு முறை போய், பேசவே தெம்பில்லாமல் பேசினாள். மறுபடி பசும்பால், போனது. மறுபடி தேங்காய்ப்பால், அதற்கும் போனது. நான் டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் ஜன்னல் வழியே காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாயியை வரச்சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் முகம் சுண்டிவிட்டது.

"அப்போ நான் பொய் சொல்றேங்கறீங்களாங்க?"

"இல்லை பாவாயி. வலி பொய்யில்லை. போனதும் பொய்யில்லை. பால் மேல போட்ட பழிதான் நிக்க மாட்டேங்குது. எதுனால வருதுன்னு எனக்குத் தெரியலை."

"தெரியலீங்களா?" எழுந்து நின்றாள். "இத்தனை நாளா கண்டதையும் தின்னச் சொல்லி, தின்னு, போயிப் போயிக் கெடந்தனே... தெரியலீங்களா?"

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாக அந்தப் பக்கத்துக் கிராமச் செவிலியர் சொன்னார். டாக்டரிடம் சொன்னேன். "சரி" என்றார். அன்றைக்கு அந்தச் சரியைக் கேட்க எனக்குக் கோபமாக வந்தது.

பேளுக்குறிச்சிச் சந்தையில் வருஷத்துக்கான மல்லியும் மஞ்சளும் சீரகமும் வாங்கிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வாரம் இறங்கிப் போயிருந்தேன். மல்லி மூட்டையில் கையை விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கடை தள்ளி நாட்டு மருந்து விற்கிற பெரியவர் முன்னால் பாவாயி குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, எம்மேல என்ன கோவம்?" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொடி தீந்துபோச்சு, வாங்கியாரலாம்னு வந்தனுங்க."

"என்ன பொடி?"

"சுத்தப் பொடிங்க. வயித்துல சேராததைச் சுத்தம் பண்ணி வெளிய தள்ளிரும். ஆகாதது எதுனா தின்னுட்டன்னா, அன்னைக்குப் பொழுதுசாய வெந்நீல ஒரு கரண்டி. இல்லீன்னா உள்ளயே தங்கி நஞ்சாயிருமுங்களே."

சந்தை இரைச்சல் எனக்குக் கேட்கவில்லை. "கஞ்சி குடிச்ச அன்னைக்கும் போட்டியா?"

"பால்னு தோணுன அன்னைக்கு மட்டும் போட்டனுங்க. எல்லா நாளும் போட மாட்டேன்."

"மழை பெஞ்ச வாரம்?"

"அந்த வாரம் எங்கீங்க! பொடி தீந்திருந்துச்சு. பஸ்ஸே இல்லீங்களே கீழ வர."

பெரியவரிடம் என்ன பொடி என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நிலாவாரை இலை, கொஞ்சம் கடுக்காய், சுக்கு. மலச்சிக்கலுக்கு. "பேதிக்குப் போவணும்னுதானுங்க இதைக் குடுக்கறது. இந்தம்மா வயிறு சரியில்லைன்னுச்சு, இறுக்கம்னு நெனச்சுக் குடுத்தேன். எப்பவாச்சும் ஒருநாள்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு அவள் இல்லை என்றதிலும் தப்பு இல்லை. மருந்து என்றால் அவளுக்கு ஆஸ்பத்திரி மாத்திரை. பொடி என்பது சமையலறையில் மிளகுத்தூளுக்குப் பக்கத்தில் இருப்பது.

திங்கட்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். "ஆகாததுன்னு தோணினா பொடி. பொடி போட்டா மறுநாள் விடிகாலைல போகும். போனதும், முந்தின நாள் தின்னதுதான் ஆகலைன்னு தோணும். இதானே சொன்னீங்க?"

பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தெரிந்தது நிம்மதி இல்லை. அடி விழுந்தவள் மாதிரி இருந்தாள்.

"அப்ப பலாப்பழம் ஒண்ணும் பண்ணலீங்களா?"

"தெரியாது. பொடியை நிறுத்தினாத்தான் தெரியும்."

நிறுத்துவதும் சுலபமாக இல்லை. பழகிய குடல் முதலில் வேலைநிறுத்தம் செய்தது. "வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க, ஒரே ஒரு கரண்டி போட்டுக்கட்டுமுங்களா?" என்று பாறை மேல் நின்று அழுதாள். தண்ணீர், கீரை, வாழைப்பழம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாலைந்து நாளில் சரியானது. பிறகு முட்டை, பருப்பு, கிழங்கு, நெய் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. முறுக்கல் வரவில்லை. ரவிக்கை ஊக்கை எடுத்துவிட்டாள். வேலையையும் விடவில்லை. டிபன் பாக்ஸ் கொண்டுவந்த பிள்ளைகள் எப்போது மாறினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் புளிச்சாதம் போட்டபோது வரிசை வழக்கம்போல நீளமாக இருந்ததாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. பால் மட்டும் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. அரை டம்ளருக்கு ஒன்றும் இல்லை. பெரிய டம்ளர் நிறையக் குடித்தால் சில நாள் உப்புசம், இரைச்சல். சில நாள் அதுவும் இல்லை. அது பாலா, பாலைப் பற்றிய பழைய பயமா? அதைவிட ஆதியில், பொடி வாங்குவதற்கு முன்னாலேயே, பலாப்பழம் தின்ற அன்றைக்கு ஒரு முறை போனதே, அது எதனால்? பழமா, ஈ மொய்த்த சுளையா, அன்றைக்குக் குடித்த தண்ணீரா? அந்த முதல் நாளைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க யாராலும் முடியாது. டாக்டரிடம் கேட்டேன். அவர் "தெரியலை" என்ற வழக்கமான அந்த ஒற்றை வார்த்தையைத்தான் சொன்னார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு காலை, பாவாயியிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

"சிஸ்டருங்களா! வயிறு போவுதுங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொடி போட்டியா?"

"சாமி சத்தியமா இல்லீங்க. நேத்து எங்க கொழுந்தனார் ஊட்டுக் கல்யாணமுங்க. கீழயிருந்து வந்த சமையல்காரங்க மட்டன் பிரியாணி செஞ்சாங்க. விடிஞ்சதுல இருந்து எனக்குப் போவுது."

"எத்தனை முறை? ரத்தம் போகுதா? காய்ச்சல் இருக்கா?" என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"அதெல்லாம் இல்லீங்க. நான் சொல்றதைக் கேளுங்க சிஸ்டர். கொழுந்தனாருக்குப் போவுது. மாப்பிள்ளைக்குப் போவுது. பொண்ணு ஊட்டுக்காரங்க அத்தனை பேருக்கும் போவுது. தலைமை டீச்சரும் வந்திருந்தாங்க, அவங்களுக்கும் போவுதுங்க." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "எனக்கு மட்டும் இல்லீங்க சிஸ்டர்! ஊருக்கே போவுதுங்க!"

ஆம்புலன்ஸை அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். போனை இன்னும் வைக்கவில்லை. மறுமுனையில் பாவாயி, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்: "ஏனுங்க மாமா, பிரியாணி மேல பழி போடறது அப்புறமாகட்டும். மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க!"